ஆர்வில்லா கண்ட நியாயம்

டென்னட் என்ற எங்கள் படகுத் துறையில் யாருக்காவது கெட்டது நடந்துவிட்டால், மறுநாள் காலை படகுகள் அணையும் இறங்குதளத்தில் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி அவன் என்ன பண்ணினான் என்பதுதான். என்ன நடந்தது என்பதெல்லாம் அப்புறம். இந்தப் பழக்கத்தை ஊருக்குக் கற்றுக்கொடுத்தவள் ஆர்வில்லா என்று சொன்னால் அது அபாண்டம். அவள் பிறப்பதற்கு முன்பே அது இங்கே இருந்தது. ஆனால் அவள் அளவுக்கு அதை மனதார நம்பியவர்கள் எங்களில் ஒருவரும் கிடையாது.

ஆர்வில்லாவுக்கு ஐம்பத்தாறு வயது. அமெரிக்காவின் இந்த மெய்ன் கரையில் சொந்தப் படகு வைத்துச் சிங்கி இறால் பிடிக்கும் பெண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், அதில் அவள் ஒருத்தி. கடலுக்கடியில் எண்ணூறு கூண்டுகள், ஒவ்வொன்றின் கயிற்று நுனியிலும் கம்பு செருகி, கறுப்புப் பட்டை போட்ட மஞ்சள் மிதவை. அவளுடைய அப்பாவும் இதே தொழில்தான். குடிகாரன், போதாததற்குக் கள்ளன். வயிற்றடியில் முட்டை ஒட்டிய சினைச் சிங்கியைக் கடலிலேயே திருப்பி விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். விடுவதற்கு முன் அதன் வால் மடலில் கத்தியால் சின்னதாக ஒரு வெட்டுப் போட வேண்டும். பிறகு அது முட்டையில்லாமல் யாருடைய கூண்டில் ஏறினாலும், அந்த வெட்டைப் பார்த்து அவர்களும் விட்டுவிட வேண்டும். கரையிலிருந்து நாலு மைல் தள்ளி, மூடுபனிக்குள், இதையெல்லாம் நின்று பார்க்க ஆள் கிடையாது. அவளுடைய அப்பா அந்த முட்டைகளைத் தேய்த்து உதிர்த்துவிட்டுச் சிங்கியை விற்றான். அவளுக்குப் பதினேழு வயதில், கூண்டுக் கயிறு காலில் சுற்றிக் கடலோடு போனான்.

சாவுக்கு வந்தவர்கள் அவள் வீட்டில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டே, கடல் யாரையும் சும்மா விடாது என்று பேசினார்கள். சமையலறையில் காபி ஊற்றிக்கொண்டிருந்த அந்தப் பெண் அதைக் கேட்டாள். கோபப்படவில்லை. அது நிஜமாக இருந்தால் தேவலை என்றுதான் அவளுக்குத் தோன்றியது. செய்ததற்குச் செத்தான் என்றால், செய்யாதவர்கள் பிழைத்துக்கொள்ளலாம் அல்லவா? அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த நாற்பது வருடம் அவள் கடலுக்குப் போனாள். சட்டம் சொல்லும் அளவுகோலுக்கு ஒரு மயிரிழை குறைந்த சிங்கியைக்கூட அவள் படகில் வைத்துக்கொண்டதில்லை. சினைச் சிங்கி வந்தால் வெட்டுப் போட்டு, இரண்டு கையாலும் ஏந்தித் தண்ணீரில் விடுவாள். கணவன் எவரெட் நுரையீரல் கெட்டுச் செத்தபோது, "எத்தனை தடவை சொன்னேன், சிகரெட்டை விடுன்னு" என்றாள். அதற்குமேல் அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

நல்லவள்தான். ஆனால் இப்படிப்பட்ட நல்லவர்கள் பக்கத்தில் அடிபட்டு விழுந்து கிடப்பது ஆபத்து.

அப்படி விழுந்தவன் ஹார்லன். ஆட்டுப்பாறைக்குக் கிழக்கே அவள் கூண்டுகள், மேற்கே அவன் கூண்டுகள். இருபத்திரண்டு வருடப் பக்கத்துக்காரன். அவள் எஞ்சின் நின்றுபோன இரண்டு முறையும் கயிறு கட்டி இழுத்து வந்தவன் அவன்தான். இந்த ஜூன் மாதம் துறையில் யாரோ அடுத்தவர் கூண்டுகளைத் தூக்கிச் சிங்கியை எடுக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. ஹார்லனுக்கு இந்த வருடம் பாடு நன்றாக இருந்தது, கூண்டுக்குக் கூண்டு சிங்கி. அது போதாதா? ஒரு நாள் காலை அவன் மிதவைகளின் கம்பில் இரண்டு இரண்டு முடிச்சு விழுந்திருந்தது.

எங்கள் கடலில் சண்டைக்கு முன்னால் பேச்சு கிடையாது. ஒருவன் மேல் சந்தேகம் வந்தால் அவன் மிதவைக் கம்பில் அவன் கயிற்றையே சுற்றி இரண்டு முடிச்சு போட்டுவிட்டுப் போவார்கள். நீ செய்வது எங்களுக்குத் தெரியும் என்று அதற்கு அர்த்தம். போட்டது யார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், கேட்கவும் கூடாது. அதற்கும் ஆள் அடங்கவில்லை என்று தோன்றினால் அடுத்தது கத்தி. கயிறு அறுந்த கூண்டு கடலடியிலேயே கிடக்க வேண்டியதுதான்.

இறங்குதளத்தில் சிங்கி வாங்கும் லூஷன், பத்துப் பேர் நிற்கும்போது ஆர்வில்லாவிடம் கேட்டார். "உனக்குத்தான் அவனைத் தெரியும். பக்கத்துலயே கெடக்க. ஹார்லன் அப்படிப்பட்ட ஆளா?"

ஹார்லனும் அங்கேதான் நின்றான். கையில் தொப்பியை வைத்துக்கொண்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஒரு வார்த்தை சொன்னால் ஊர் கேட்கும். அவனைப் பற்றித் தப்பாக அவளுக்கு ஒன்றும் தெரியாது.

"நான் எதையும் பாக்கல," என்றாள். "ஆனா சும்மா யாரும் முடிச்சு போட மாட்டாங்க."

அந்த வாரத்தில் ஹார்லனின் எண்பது கூண்டுகள் அறுக்கப்பட்டன. ஜூலையில் உண்மையான கள்ளன் பிடிபட்டான். பக்கத்துத் துறைக்காரன், எங்கள் ஊருக்கே சம்பந்தமில்லாதவன். ஹார்லனிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. எங்களுக்கு அந்த வழக்கம் இல்லை என்று பூசி மெழுகலாம், வெட்கமாக இருந்தது என்பதுதான் நிஜம். ஆர்வில்லாவுக்கு வெட்கம்கூட இல்லை. அவளிடம் வேலை செய்யும் ஷெர்லீன் இந்தச் செய்தியைச் சொன்னபோது அவள் கூண்டுக் கதவை மூடிக்கொண்டே கேட்டாள்.

"அப்படின்னா வேற ஏதாவது பண்ணியிருப்பான்," என்றாள்.

"கேப்டன், உங்க கிட்ட ஒருத்தன் மேல இடி விழுந்துச்சுன்னு சொன்னா, இடி பக்கம் சாட்சி சொல்வீங்க," என்று ஷெர்லீன் சிரித்தாள். நாற்பது வயது, வாய்த்துடுக்கு, எட்டு வருடமாக அதே படகில் கூண்டுக்கு இரை வைக்கிறவள். ஆர்வில்லாவைப் பார்த்து இப்படிப் பேச ஊரில் அவளால் மட்டும்தான் முடியும்.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம், திங்கட்கிழமை. மூடுபனி படகின் மூக்கையே மறைத்துக்கொண்டிருந்தது. ஷெர்லீன் கொக்கியால் முதல் மிதவையை இழுத்து எடுத்தவள், கொக்கியைப் பிடித்த கையோடு நின்றுவிட்டாள்.

"கேப்டன், இங்க வாங்க."

மஞ்சள் மிதவையின் கம்பில் இரண்டு முடிச்சு. இறுக்கமாக, நிதானமாகப் போட்ட முடிச்சு. அடுத்த மிதவையிலும் அதே. அந்த வரிசையில் இருந்த பதினாறிலும் அதே. ஆர்வில்லா ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். கயிறு ஊறிப்போய் விரல் நகம் பெயர்ந்தது. மூடுபனிக்குள் எங்கேயோ ஒரு எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது.

"ஆள் மாத்திப் போட்டிருப்பாங்க," என்றாள் ஷெர்லீன்.

"மஞ்சளும் கறுப்பும் வேற யாருக்கு இருக்கு?"

"அப்ப எவனோ வெளையாடறான்."

"இதுல வெளையாட மாட்டாங்க," என்றாள் ஆர்வில்லா.

அவள் முதலில் தேடியது முடிச்சுப் போட்டவனை இல்லை. தன் குற்றத்தைத்தான் தேடினாள். முடிச்சு விழுந்திருக்கிறது, அப்படியென்றால் ஏதோ செய்திருக்க வேண்டும். புது அளவுகோல் வாங்கிப் பழையதோடு வைத்துப் பார்த்தாள், இரண்டும் ஒன்றாகவே இருந்தன. தன் கூண்டு எதுவும் அடுத்தவன் கயிற்றின் மேல் விழுந்திருக்கிறதா என்று இரண்டு நாள் கடலைச் சுற்றினாள். சர்ச் கூடத்தில் ஊரே கூடும் சனிக்கிழமை பீன்ஸ் விருந்தில் யாரையாவது முகம் சுளிக்கும்படி பேசினேனா என்று ஷெர்லீனைக் கேட்டாள். "எல்லாரையும்தான் பேசுவீங்க, அதுக்கு முடிச்சு போட்டா ஊர்ல கயிறு பத்தாது," என்றாள் ஷெர்லீன். ஆர்வில்லா சிரிக்கவில்லை. பன்னிரண்டு வயதில் கடையில் எடுத்த ஒரு மிட்டாய் வரைக்கும் போய்த் துழாவிப் பார்த்துவிட்டாள். ஒன்றும் அகப்படவில்லை.

ஊர் அவளுக்காகக் காத்திருக்கவில்லை. அவள் அவிழ்ப்பதற்கு முன்பே வேறு படகுக்காரர்கள் முடிச்சைப் பார்த்துவிட்டார்கள். படகு ரேடியோவில் அவள் கூப்பிட்டால் பதில் வருவது நின்றது. இறங்குதளத்தில் அவள் படகு அணைந்தால் பேச்சு சட்டென்று அடங்கும். ஹார்லனை அவள் பார்த்த அதே பார்வையை இப்போது நாங்கள் அவளைப் பார்த்தோம். நானும்தான் பார்த்தேன். ஒரு நாள் லூஷனை நேரடியாகக் கேட்டாள், "நான் என்னதான் பண்ணினேன்னு சொல்றாங்க?"

"எனக்கென்ன தெரியும்," என்றார் லூஷன், பெட்டியைத் தள்ளிக்கொண்டே. "சும்மா யாரும் முடிச்சு போட மாட்டாங்கன்னு நீதானே சொன்ன."

அந்த வாரமே அவளுடைய பன்னிரண்டு கூண்டுகள் காணாமல் போயின. கயிறு மட்டும் மிதந்தது, நுனி சுத்தமாக வெட்டுப்பட்டு.

அன்றைக்கு ஆர்வில்லா கத்தவில்லை, அழவில்லை, மீதிக் கூண்டுகளைத் தூக்கும் வேலையைத் தொடர்ந்தாள். மதியம் ஒரு கூண்டில் பெரிய சினைச் சிங்கி ஒன்று வந்தது. வால் அடியில் கடுகு கடுகாகக் கறும்பச்சை முட்டைகள், ஆயிரக்கணக்கில். ஷெர்லீன் வழக்கம்போல வெட்டுக் கத்தியை நீட்டினாள். ஆர்வில்லா அதை வாங்கவில்லை. கூண்டு கழுவும் பிரஷை எடுத்தாள். சிங்கியை மல்லாத்திப் பிடித்துத் தேய்த்தாள். முட்டைகள் பலகையில் கொழகொழவென்று விழுந்தன. வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டு, சிங்கியைப் பெட்டியில் போட்டாள்.

"கேப்டன், என்ன பண்றீங்க?" ஷெர்லீன் கத்தியை நீட்டியபடியே கேட்டாள்.

"முடிச்சு போட்டாச்சு. கூண்டையும் அறுத்தாச்சு. தண்டனை வாங்கியாச்சு இல்ல? அப்ப தப்பைப் பண்ணிட்டுப் போறேன்."

"மீன்வளக் காவலர் பூதக்கண்ணாடி வச்சுப் பாப்பாரு. முட்டை போனாலும் அதை ஒட்டி வச்சிருந்த பசை நூல் போகாது. பெட்டி யார் படகுல இருக்கோ அவங்க லைசென்ஸை அந்த எடத்துலயே பிடுங்கிடுவாரு. யார் பிடிச்சாங்கன்னு கேக்கவே மாட்டாரு."

"நாப்பது வருஷம் ஒழுங்கா இருந்தேனே, அதை யாராவது பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தாங்களா?"

ஷெர்லீன் அடுத்த மிதவையைக் கொக்கியால் இழுத்தாள். அன்றைய சிங்கிகளை லூஷன் பார்க்காமலே எடுத்துக்கொண்டார். ஒன்றும் நடக்கவில்லை. வானம் அதே வானமாக இருந்தது, மறுநாள் பாடு முந்தின நாளைவிட நன்றாகவே வந்தது. ஆர்வில்லாவைப் பயமுறுத்தியது இதுதான் என்று நினைக்கிறேன். தவறு செய்தால் காலில் கயிறு சுற்றும் என்று நம்பிக் கடலில் கால் வைத்தவள் அவள். கயிறு சுருண்டு தன் பாட்டுக்குக் கிடந்தது. அப்படியானால் அவள் அப்பா எதற்காகச் செத்தான்? அந்த நினைப்பு வரும்போதெல்லாம் அவள் பிரஷை இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

இரண்டாவது வாரம் ஷெர்லீன் வேலையை விட்டு நின்றுகொண்டாள். "ஊர்ல நான் யார் கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா என் கண்ணால இதைப் பாக்க முடியல," என்று சொல்லிவிட்டு, தன் ரப்பர் கால்சராயை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். அவள் சொல்லவில்லைதான். ஆனால் எட்டு வருடம் இருந்தவள் ஏன் நின்றாள் என்று ஊர் யோசிக்காதா? மறுநாள் லூஷன் ஆர்வில்லாவின் பெட்டிகளைத் தொடவில்லை. இந்தப் பேச்சு அடங்கட்டும், அதுவரைக்கும் வேண்டாம் என்றார். அவள் ஆறு பெட்டிகளையும் தன் படகு கட்டும் இடத்திலேயே தண்ணீரில் மிதக்கவிட்டாள். அவற்றில் தேய்த்த சிங்கிகள் பதினாலு. அவள் நினைத்திருந்தால் அப்போதே பெட்டியைத் திறந்து அந்தப் பதினாலையும் கடலில் விட்டிருக்கலாம். விடவில்லை.

செப்டம்பர் முதல் வெள்ளி, காலை எட்டு மணி. காற்றே இல்லை. மூடுபனி தண்ணீர்மேல் படுத்துக் கிடந்தது. ஆர்வில்லா படகில் தனியாக இரை வாளிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, ஹார்லனின் படகு ஊர்ந்து வந்து பக்கத்தில் அணைந்தது. ஜூனுக்குப் பிறகு அவன் அவளிடம் ஒரு சொல் பேசியதில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு, அவள் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஆர்வி, நான்தான்," என்றான்.

"என்ன நீதான்?"

"முடிச்சு போட்டது."

அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"நீ ஒண்ணும் பண்ணலன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் போட்டேன். ஒண்ணும் பண்ணாதவ மேல ஊரே சந்தேகப்பட்டா எப்படி இருக்கும்னு நீ ஒரு நாள் பாக்கட்டும்னு போட்டேன். மறுநாளே அவுத்துட்டு உன் கிட்ட சொல்லிடலாம்னு இருந்தேன்." அவன் கண்ணையும் மூக்கையும் கையுறையால் துடைத்துக்கொண்டான். "அதுக்குள்ள நீயே அவுத்துட்ட. அப்புறம் எவனோ உன் கூண்டை அறுத்துட்டான். சத்தியமா அது நான் இல்ல. ஆனா ஆரம்பிச்சது நான்தானே. ஷெர்லீனும் போயிட்டா. லூஷன் பெட்டியை எடுக்க மாட்டேங்கறாருன்னு நேத்துதான் கேள்விப்பட்டேன். எனக்கு சோறு எறங்கல ஆர்வி."

ஆர்வில்லா அவனையே பார்த்தாள். அறைந்தால் அறையட்டும் என்று அவன் முகத்தைக் கொஞ்சம் முன்னால்கூட நீட்டினான் போலிருந்தது.

"பெட்டியை நான் எடுத்துட்டுப் போறேன்," என்றான். "என் பெட்டியோட சேத்து. தளத்துல எல்லார் முன்னாடியும் நான்தான் போட்டேன்னு சொல்லிட்டு, உன் பேர்ல எறக்குறேன். என் கையால எறக்கினாத்தான் அவங்க நம்புவாங்க. நாப்பது வருஷம் நீ ஒரு குட்டைச் சிங்கிகூட எடுத்ததில்லன்னு நான் சொல்றேன். நான் சொல்லாம வேற யார் சொல்றது?"

அவள் வாயைத் திறந்தாள். வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைக் கேட்டால் ஏன் என்பான். ஏன் என்றால் சொல்ல வேண்டியிருக்கும். தன்னை நல்லவள் என்று நம்பும் ஒரே ஆள் எதிரில் நின்று அழுதுகொண்டிருக்கும்போது அதைச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

"உன் இஷ்டம்," என்றாள்.

அவன் ஆறு பெட்டிகளையும் தன் படகில் ஏற்றினான். ஏற்றும்போது முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. "சனிக்கிழமை பீன்ஸ் சாப்பாட்டுக்கு வா ஆர்வி. என் பக்கத்துல உக்காரு. எவன் பேசறான்னு பாப்போம்," என்று சொல்லிவிட்டு எஞ்சினைக் கிளப்பினான். மூடுபனி அவனை மூடிக்கொண்டது.

கால் மணி நேரம் போயிருக்கும். அவள் ஆட்டுப்பாறை பக்கம் போய்ச் சேர்ந்திருந்தாள். ரேடியோவில் லூஷனின் குரல் வந்தது. யாரையும் பெயர் சொல்லாமல், பொதுவாக, வழக்கமான எச்சரிக்கைக் குரலில். "தளத்துல விருந்தாளி வந்திருக்காரு. பெட்டி பெட்டியாப் பாக்கறாரு. பாத்து வாங்க." மீன்வளக் காவலர் வந்திருக்கிறார் என்று அதற்கு அர்த்தம். வருடத்தில் நாலு முறை வருவார். சினைச் சிங்கி விஷயம் என்றால் அவரிடம் கெஞ்சல் எடுபடாது.

உடனே ஹார்லன் பேசினான். குரலில் ஒரு உற்சாகம். "வரட்டும், வரட்டும். எல்லாரும் கேக்கறீங்களா? நான் ஹார்லன். ஆர்வில்லா மிதவையில முடிச்சு போட்டது நான்தான். அவ மேல குத்தமே கிடையாது. அவ பெட்டி ஆறும் இப்ப என் படகுல இருக்கு. அதுல இருக்கற ஒவ்வொரு சிங்கிக்கும் நான் பொறுப்பு. காவலர் ஐயா முதல்ல அதையே தொறந்து பாக்கட்டும்."

ஆர்வில்லா மைக்கைக் கையில் எடுத்தாள். தளத்துக்குப் போய்ச் சேர அவனுக்கு இன்னும் ஐந்து நிமிடமாவது ஆகும். திரும்பு ஹார்லன், பெட்டியைக் கடலில் தள்ளு என்று சொல்ல ஐந்து நொடி போதும். ஊரே கேட்கும். அவள் லைசென்ஸ் போகும், பெயர் போகும், அப்பனுக்குத் தப்பாத பெண் என்பார்கள். சொல்லாவிட்டால் அத்தனையும் அவனுக்குப் போகும். அவள் கட்டைவிரல் பொத்தான்மேல் இருந்தது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

அப்போதுதான் அவளுக்கு அது தோன்றியது. முடிச்சைப் போட்டது யார்? அவன். போடாமல் இருந்திருந்தால் கூண்டு அறுபட்டிருக்குமா? பிரஷைக் கையில் எடுத்திருப்பாளா? ஒன்றும் செய்யாதவள் என்று தெரிந்தே அவன் போட்டான். அவனே ஒப்புக்கொண்டான். கேட்காமலே வந்து அவனே பெட்டிகளை ஏற்றிக்கொண்டான், எல்லாவற்றுக்கும் நான் பொறுப்பு என்று அவன் வாயாலேயே ஊருக்குச் சொன்னான். அப்படியென்றால் இது யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ அவனுக்குத்தான் போய்ச் சேருகிறது. கடல் தூங்கிவிடவில்லை. கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். ஒரு மாதமாக அவளுக்குள் ஆடிக்கொண்டிருந்தது நிலைக்கு வந்து நின்றது. உலகம் ஒழுங்காகத்தான் நடக்கிறது. இவ்வளவு நேரம் எதற்காகப் பயந்தோம் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மைக்கைக் கொக்கியில் மாட்டினாள். தளத்து மைக் திறந்தே கிடந்தது போல, ரேடியோவில் ஹார்லனின் எஞ்சின் சத்தம் மெதுவானது, கயிறு வீசும் சத்தம் கேட்டது, யாரோ அவனுக்குக் காலை வணக்கம் சொன்னார்கள். அவள் சத்தத்தைக் குறைத்தாள். நெஞ்சுப் படபடப்பு அடங்கியிருந்தது, நல்ல பசி. கையைக் கழுவிக்கொண்டு, சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து, இரை வாளிமேல் உட்கார்ந்து, கடைசித் துணுக்குவரை நிதானமாகச் சாப்பிட்டாள்.